நேரம் என்ன? எத்தனை?

புதன்கிழமை, காலை 10.20. அந்த அறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு கடிகாரம். மற்ற ஆசிரியர்களின் மேசையில் கடிகாரம் ஆசிரியரைப் பார்த்து இருக்கும். இது வருகிறவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. நீல நிறம், சிவப்பு நொடிமுள். அதன் பின்னால் ஒரு டீச்சர் உட்கார்ந்து, க்ரீம் கிராக்கர் பிஸ்கட்டைக் கோப்பியில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார்.

எனக்கு அப்போது பதினாறு வயது. ஈப்போவில் ஓர் இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவம். இரண்டு பாடவேளை கழிவறையிலேயே உட்கார்ந்திருந்ததற்காக வகுப்பாசிரியர் என்னை அங்கே அனுப்பியிருந்தார். கழிவறையில் நான் செய்தது ஒன்றுதான். காலுறைக்குள் மறைத்துக் கொண்டுவந்த கைப்பேசியை எடுத்து, ஒருவன் கடைசியாக எப்போது வாட்ஸ்அப்பில் இருந்தான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வாரத்துக்கு முன் அவனிடமிருந்து வந்த கடைசிச் செய்தி: "நம்ம ஸ்டாப் பண்ணிக்கலாம் லா. டேக் கேர்." பதினோரு மாதப் பழக்கம் அந்த ஒரு வரியில் முடிந்திருந்தது.

அவர் பள்ளியின் கவுன்சிலிங் டீச்சர். பிஸ்கட்டைத் தின்று முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"இரு பிள்ளை. நேரம் என்ன?"

கடிகாரம் என் முன்னால்தான் இருந்தது. "பத்து இருபத்திரண்டு, டீச்சர்."

"அவனுக்கு மெசேஜ் அனுப்பவேணும் போல இருக்குதா? பூச்சியத்திலிருந்து பத்து வரை சொல்லு. எத்தனை?"

அவன் என்று ஒருவன் இருப்பதையே நான் இன்னும் சொல்லவில்லை. "ஒன்பது" என்றேன்.

"பத்து நிமிஷம் இரு. திரும்பக் கேட்பன்."

அந்தப் பத்து நிமிடமும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அழுதேன். தோளைத் தொடவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை, தாளையும் எடுத்துத் திருத்தவில்லை. கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி இருந்தார். 10.32க்கு மறுபடி "எத்தனை?" என்றார். ஏழு. இரண்டு எண்களையும் உள்ளங்கை அளவு நோட்டு ஒன்றில் எழுதி என் பக்கம் தள்ளினார்.

"இனி நீ எழுது. நினைப்பு வந்தால் நேரத்தை எழுது, எண்ணை எழுது, பத்து நிமிஷம் பொறு, திரும்ப எழுது. இப்ப வகுப்புக்குப் போ."

அவ்வளவுதான். தைரியமாக இரு என்றோ, உலகத்தில் ஆயிரம் பையன்கள் என்றோ சொல்லவில்லை. நான் அவரை அறிந்திருந்த இரண்டாண்டில் அவர் யாரிடமும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. நேரம் என்ன, எத்தனை: இந்த இரண்டு கேள்விகளால் ஒரு பள்ளிக்கூடத்தின் பெண்பிள்ளைகளை நடத்திக்கொண்டிருந்தார். மலாய் மாணவிகள் அவரைச் 'சிக்கு ஜாம்' என்றார்கள். சிக்கு என்றால் ஆசிரியர், ஜாம் என்றால் மணி.

ஐம்பதை ஒட்டிய வயது இருக்கும். கைக்கடிகாரத்தின் முகத்தை மணிக்கட்டின் உட்பக்கம் திருப்பிக் கட்டியிருப்பார். தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே குமாஸ்தாவாக வந்த குடும்பம். ஆமாம் என்பதற்கு 'ஓம்' என்பார். ரப்பர் தோட்டக் குடும்பங்களில் பிறந்த நாங்கள் அதைச் சொல்லிப் பார்த்துச் சிரிப்போம்.

இன்னொரு விதியும் வைத்திருந்தார். பையன் பெயரைச் சொல்லக்கூடாது. நான் ஒருமுறை வாய் திறந்தபோது கையைத் தூக்கி நிறுத்தினார். ஏன் என்று அப்போது புரியவில்லை. ஒரு மாதம் கழித்து, ஐந்தாம் படிவ மாணவி ஒருத்தியின் அப்பா அந்த அறைக்கு வந்தார். நான் வெளியே பெஞ்சில் என் முறைக்காக உட்கார்ந்திருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது.

"யாருன்னு சொல்லுங்க டீச்சர். நான் பாத்துக்கிறேன்."

"தெரியாது."

"வாரா வாரம் உங்ககிட்டதான வாரா? தெரியாதுங்கறீங்க!"

"நான் கேட்கிறதில்லை. கேட்காததை எப்படிச் சொல்லுறது?"

அந்த ஆள் மேசையை ஓங்கித் தட்டினார். கடிகாரம் தரையில் விழுந்து முள் நின்றுவிட்டது. டீச்சர் குனிந்து எடுத்து, பேட்டரியைத் தட்டிப் பொருத்தி, கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சரிசெய்தார். அதற்குள் அந்த அப்பா போய்விட்டார். என்னை உள்ளே கூப்பிட்டு, நோட்டைத் தலைகீழாகத் திறந்தார். கேட்டது என்னவோ அதே இரண்டு கேள்விதான்.

எங்கள் வீடு குனோங் ராபாட்டில், சுண்ணாம்பு மலைக்குக் கீழே நீண்ட வரிசையில் ஒரு வீடு. மோட்டார் சைக்கிள் திருட்டுக்குப் பயந்து அப்பா மாலை ஆறு மணிக்கு வாசல் கேட்டைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அதற்குப்பின் வெளியே போவதென்றால் அவரைக் கேட்கவேண்டும். பெரியப்பா மகள் ஒருத்தி காதலித்தாள் என்று தெரிந்த மறுவாரமே அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, பாரிட் புந்தாரில் ஓர் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா அதைச் சாப்பாட்டு மேசையில் அடிக்கடி நினைவூட்டுவார்.

"இந்த வீட்டுல லவ்வு கிவ்வுன்னு என் காதுல விழுந்துச்சு, மறுநாளே பாரிட் புந்தார் பஸ்ஸுதான். சொல்லிப்புட்டேன்."

அவன் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தான். உறுமி மேளக் குழுவில் உறுமி வாசித்தான். மாலையில் அவர்கள் பயிற்சி செய்யும் சத்தம், பூட்டிய கேட்டைத் தாண்டி, மூடிய ஜன்னலைத் தாண்டி வரும். கைப்பேசியை அணைத்து வைக்கலாம். அதை அணைக்க முடியாது.

இதை டீச்சரிடம் சொன்னேன். அவர் ஒரு தாளில் ஏணி வரைந்தார், எளிதில் தாங்கக்கூடியது கீழே, கடினமானது மேலே. கீழ்ப் படியில் அவனுடைய படத்தைப் பார்ப்பது. அடுத்தது அவன் நிற்கும் பஸ் நிறுத்தத்தைக் கடப்பது. அதற்கு மேல் மேளச் சத்தம். "உச்சிப் படி எது?" என்றார். யோசித்துச் சொன்னேன். அப்பா பிறந்த தோட்டத்தில் மாரியம்மன் கோயில் திருவிழா. ரப்பரை வெட்டி, எண்ணெய்க்கான செம்பனை போட்டுவிட்டார்கள், தொழிலாளர் குடியிருந்த லயன் வீடுகள் இல்லை, கோயில் மட்டும் மிச்சம். வருடத்துக்கு ஒருமுறை எல்லாரும் திரும்பிப் போவோம். அந்த வருடம் அவன் குழுவுக்குத்தான் மேளம்.

"அது என்ன மேளம்? நாதஸ்வரத்தோட வாறதா?"

"இல்ல டீச்சர். இது வேற."

அவருக்கு அது தெரியவில்லை. நான் யூடியூபில் காட்டினேன். அடுத்த வாரம் அவருடைய கைப்பேசியில் பதிவு இருந்தது. முதல் நாள் மிக மெல்லிய ஒலியில் இரண்டு நிமிடம் போட்டார். வாரத்துக்கு வாரம் ஒலியைக் கூட்டினார். ஐந்தாவது வாரம் நாங்கள் பாக்சிக் என்று கூப்பிடும் மலாய்ப் பணியாளர் கதவைத் தட்டி, "சிக்கு, சியாபா காவின்?" என்றார். யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார். டீச்சர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"இப்ப எத்தனை?"

"நாலு."

"நல்லது. திருவிழாவில் பத்து நிமிஷம் நில். ஓடாதே. ஏறினால் எண்ணை வாய்விட்டுச் சொல்லு. பத்து நிமிஷத்தில் இறங்கும்."

சனிக்கிழமை மாலை 7.40. கோயில் முன்னால் வெட்டவெளி, குழல் விளக்குகள், சுற்றிலும் செம்பனை. மேளம் தொடங்கியது. பதிவில் கேட்டதும் நேரில் கேட்பதும் ஒன்றில்லை. உறுமி காதில் கேட்பதற்கு முன் வயிற்றில் கேட்கிறது. அவன் முன்வரிசையில், கறுப்புச் சட்டையில், தலையைக் குனிந்து வாசித்தான். நான் ஓடவில்லை. இரு கைகளையும் இறுக்கிக்கொண்டு நின்றேன். முதலில் முழங்கால் நடுங்கியது, பிறகு தோள். அழுகை வந்தது. அடக்கப் பார்த்தபோது உடம்பு முழுக்க ஆடியது.

அத்தைதான் முதலில் பார்த்தார்.

"ஏ, ஆத்தா வந்துட்டாடி! பிள்ளையப் பிடிங்கடி!"

நான்கைந்து பெண்கள் என்னைச் சூழ்ந்தார்கள். யாரோ என் சடையை அவிழ்த்தார்கள். தலையில் மஞ்சள் தண்ணீர் விழுந்தது. கையில் வேப்பிலை திணிக்கப்பட்டது. எங்கள் கோயில்களில் யார்மீதாவது சாமி வந்தால் மேளம் அவரிடம் நெருங்கி வரும், வேகம் கூடும். அது வழக்கம். மேளம் நெருங்கியது. அவன் என்னிடமிருந்து ஒரு கை தூரத்தில் நின்று வேகமாக வாசித்தான். பெண்கள் என் இரு கைகளையும் பிடித்திருந்தார்கள். டீச்சரும் ஓடாதே என்றுதான் சொல்லியிருந்தார்.

"என்னா வேணும் தாயி? கேளு, செய்யறோம்!" பூசாரி என் முகத்துக்கு நேரே கத்தினார்.

ஏறினால் எண்ணை வாய்விட்டுச் சொல். சொன்னேன்.

"ஒன்பது... ஒன்பது..."

"ஒன்பது வெள்ளி கேக்கறா ஆத்தா," என்று பூசாரி என் அம்மாவைப் பார்த்தார். "வீட்டுல வச்சு ஒன்பது வெள்ளிக்கிழமை பூசை பண்ணும்மா."

அம்மா தரையில் விழுந்து என் காலைப் பிடித்தார். கையுறைத் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் நிற்கிற அம்மாவை, அந்தத் திருவிழாக் கூட்டத்தில் அதுவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. அன்று எல்லாரும் அம்மாவிடம் வந்து பேசினார்கள்.

திங்கட்கிழமை டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உங்கட கோயிலில் அப்படி வருமா?"

"வரும் டீச்சர். உறுமி அடிச்சா வரும். எல்லாருக்கும் தெரியும்."

அவர் கடிகாரத்தை எடுத்துத் தன் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டார். அப்படி அவர் செய்ததே இல்லை. 

"எனக்குத் தெரியாது. நான் கேட்டிருக்கவேணும். இது என்ட பிழை," என்றார். பிறகு, "உங்கட அம்மாவிடம் வந்து சொல்லுறன். நீ ஓம் என்றால் மட்டும்."

சாமி இல்லை என்று சொன்னால், பிறகு என்ன என்று கேட்பார்கள். அதற்குப் பதில் பாரிட் புந்தார் பஸ். "வேணாம் டீச்சர்" என்றேன். அவர் கடிகாரத்தை மறுபடி என் பக்கம் திருப்பினார்.

வெள்ளிக்கிழமைகளில் அப்பா சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். ஆறு மணிக்கு அம்மா பூட்டை எடுத்துவிடுவார். பெண்கள் வருவார்கள். மகளுக்கு எப்போது கல்யாணம், மகனுக்கு வேலை கிடைக்குமா என்று என்னிடம் கேட்பார்கள். மேளம் இல்லாமல் ஆத்தா வரமாட்டாள் என்று அத்தை சொன்னார். அந்தப் பையன் கை ராசியான கை என்று அம்மா முடிவு செய்தார். எனவே ஒவ்வொரு வெள்ளியும் அவன் குழுவுக்கே சொல்லிவிட்டார்கள். திறந்த கேட்டின் வழியாக எல்லாரும் உள்ளே வந்தார்கள். சாமி படம் வைத்து அலங்கரித்த பலகைக்கு முன்னால் என்னைத் தலைமுடி விரித்து நிறுத்தினார்கள். எனக்குப் பின்னால் சுவர்.

இரண்டாவது வெள்ளி, பரீட்சையைப் பற்றி மட்டும் பேசுவதாக என்னிடம் சொல்லிவிட்டு டீச்சர் வந்தார். வாசல் கூரையின் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில், மடிப்புக் கலையாத சேலையில் உட்கார்ந்தார். அம்மா அவருக்குச் சூடாக மைலோ கலக்கிக் கொடுத்தார்.

"அடுத்த வருஷம் இவளுக்குப் பெரிய பரீட்சை," என்று டீச்சர் தொடங்கினார்.

"படிக்கட்டும் டீச்சர், யாரு வேணாங்கறா? வாரத்துல ஒரு மணி நேரந்தான. ஆத்தாளே வந்துருக்கா, பரீட்சையப் பாத்துக்க மாட்டாளா?"

"அவளுக்குக் களைப்பாக இருக்கும்."

"சாமி எறங்குனா அசதிதான். சூடா ஹார்லிக்ஸ் குடுக்கறேன்."

அத்தை குறுக்கே புகுந்தார். "டீச்சர் சிலோன் ஆளுங்களா? உங்க ஆளுங்களுக்கு இதெல்லாம் வராதுலா. நீங்க தேவாரம் பாடுவீங்க, வீட்டுக்குப் போயி புக்கு படிப்பீங்க."

டீச்சர் "ஓம்" என்றார். மேளம் தொடங்கியதும் அவர் பார்வை என்னிடமிருந்து உறுமிக்காரனிடம் போனது. மறுபடி என்னிடம் வந்தது. மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அன்று நான் நடித்தேனா என்றால் இல்லை. அவன் நான்கடி தூரத்தில் நிற்கும்போது நடிக்க வேண்டியிருக்கவில்லை.

திங்கட்கிழமை அவர் சொன்னது: "ஏழு வெள்ளி இருக்கு. நீ நில். அவன் அடிக்கட்டும்."

பெயரை அவர் கடைசிவரை கேட்கவில்லை. ஆனால் 'அவர்கள் அடிக்கட்டும்' என்று சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன். ஏணியின் உச்சிப் படி இப்போது வாரம் ஒருமுறை எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துகொண்டிருந்தது. அதை நிறுத்தப் பார்க்காமல் பயன்படுத்த அவர் முடிவு செய்துவிட்டார். என்னைக் கேட்டுத்தான் செய்தாரா? நான் தலையாட்டியது நினைவிருக்கிறது. பதினாறு வயதில் எதற்கும் தலையாட்டுவோம்.

மூன்றாவது வெள்ளி: 8.02, ஒன்பது. நான்காவது: 7.55, எட்டு. அன்று கேட்டுக்கு வெளியே ஒரு மோட்டார் சைக்கிளில் ஒரு பெண் தலைக்கவசத்தைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அவனுக்காகக் காத்திருந்தாள்.

ஐந்தாவது வெள்ளி வாசித்து முடித்ததும் அம்மா அவனைக் கூப்பிட்டார்.

"தம்பி, வாரா வாரம் வாசிக்கிற. ஆத்தா கால்ல விழுந்து துந்நூறு வாங்கிக்கப்பா."

அவன் உறுமியைக் கழற்றிவைத்துவிட்டு என் முன்னால் விழுந்தான்.  "தெரியாம செஞ்சிருந்தா மன்னிச்சிரு தாயி," என்று என் பாதத்தைப் பார்த்துச் சொன்னான். என்னிடம் சொல்லவில்லை. அவன் உண்மையாகவே நம்பினான். என் முகத்தைக்கூட அவன் பார்க்கவில்லை. அவன் உச்சந்தலையில் வியர்வையில் ஒட்டிய முடி தெரிந்தது. நெற்றியில் திருநீறு பூசினேன். அவன் நண்பன் ஒருவன் பின்னால் இன்னொருவனிடம் மெதுவாக, "மச்சான், இவன் மூஞ்சியப் பாரு, எக்ஸாம் பேப்பர் வாங்கற மாதிரி," என்றது எனக்குக் கேட்டது. சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினேன். பெண்கள் குலவையிட்டார்கள்.

திங்கட்கிழமை, "நேரம்?" என்றார் டீச்சர்.

"எட்டு பத்து."

"எத்தனை?"

"அஞ்சு டீச்சர். ஒரே அடியா."

அவர் எழுதினார். ஏன் என்று கேட்கவில்லை.

ஏழாவது வெள்ளிக்குப் பிறகு, ஆடினேன், ஆனால் எண் மூன்று என்று சொன்னேன். அவர் பேனாவை வைத்தார். நான் சொன்ன எண்ணைப் பற்றி அவர் கேள்வி கேட்டது அன்றைக்குத்தான்.

"மூன்று என்றால் உடம்பு ஆடாது. வந்ததா, நீ வரவழைச்சதா?"

"வரவழைச்சேன்."

"ஏன்?"

"அம்மா பாத்துக்கிட்டே இருந்தாங்க, டீச்சர்."

 "அதுக்கு என்னிடம் எண் இல்லை," என்றார். பிறகு, "கடைசி வெள்ளி ஆடுறதும் ஆடாததும் உன்ட விருப்பம். பத்து நிமிஷம் நின்று பார். அதுக்குப் பிறகு முடிவு செய்."

ஒன்பதாவது வெள்ளி எங்கள் வீட்டு வாசலில் இடம் இல்லை. அம்மா தொழிற்சாலையில் விடுப்பு எடுத்துக்கொண்டு இரண்டு நாள் சமைத்திருந்தார். கூட வேலை செய்யும் பெண்களையும் அழைத்திருந்தார். 8.05க்கு மேளம் உச்சத்துக்குப் போனது. நான் நின்றேன். ஒரு பையன் தோல் வாத்தியத்தில் வளைந்த குச்சியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவன் பெருவிரலில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. எனக்குள் இரண்டு.

பத்து நிமிடம் ஆனது. "வா ஆத்தா, வா!" என்று அத்தை குரல் கொடுத்தார். அம்மா கற்பூரத்தை மறுபடி ஏற்றினார். பதினைந்து நிமிடம். பையன்கள் களைத்துப்போய் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா என் கண்களைப் பார்த்தார். தோளை ஒருமுறை குலுக்கினால் போதும் என்று எனக்குத் தெரியும்.

"வரலம்மா," என்றேன்.

மேளம் நின்றது. வந்தவர்கள் சாப்பிட்டார்கள், மிச்சத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போனார்கள். அம்மா பாத்திரம் கழுவும்போது அத்தையிடம், "என்னா கொற வச்சோம் அக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அத்தை, அந்த வாரம் யாராவது வீட்டில் கறி சமைத்தார்களா என்று விசாரித்தார்.

திங்கட்கிழமை டீச்சர் எண்ணை எழுதி நோட்டை மூடினார். எனக்கு விடுதலை என்று நினைத்தேன். எழுந்து கதவுவரை போனபோது கேட்டார்.

"உங்கட அம்மாவுக்கு எத்தனை?"

"தெரியாது டீச்சர்."

"கேட்டுப் பார்," என்றார். அடுத்த பிள்ளையை உள்ளே அனுப்பச் சொன்னார்.

அடுத்த ஆண்டு இறுதியில் அவர் தஞ்சோங் மாலிமுக்கு மாற்றலாகிப் போனார். கடிகாரத்தையும் கொண்டுபோய்விட்டார். புதிதாக வந்தவர் மேசைமேல் செயற்கைப் பூச்சாடி வைத்தார். நான் படித்து முடித்து கோலாலம்பூரில் ஒரு நாளிதழில் சேர்ந்தேன். எந்தச் செய்தியையும் நேரத்தில் தொடங்கும் பழக்கத்தை அங்கே ஒரு மூத்த ஆசிரியர் மெச்சினார். எங்கே கற்றுக்கொண்டது என்று நான் சொல்லவில்லை. டீச்சரை அதற்குப் பிறகு பார்க்கவில்லை. அம்மாவிடம் அவர் கேட்கச் சொன்னதை நான் இதுவரை கேட்கவில்லை.

அப்பா இறந்து நான்கு வருடம் ஆகிறது. கேட் சாவி இப்போது அம்மாவிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் இன்றும் ஆறு மணிக்குப் பூட்டை எடுத்துவிடுகிறார், யாரும் வராவிட்டாலும் ஒன்பது மணிக்குத்தான் மறுபடி பூட்டுகிறார்.